தொண்ணூற்றைந்து

கலாமணிக்கு ஒரே ஒரு ட்யூப் போதும்,
குதிகால் வெடிப்புக்கு. நூற்று எண்பத்தைந்து.
அதில் எனக்கு முப்பத்தேழு.
வெள்ளகோயில் வரை அதைக் கொண்டுவர
கம்பெனி கேட்பது தொண்ணூற்றைந்து.

ஆயிரத்து ஐந்நூறைத் தொட்டால் அனுப்புகிற கூலி இல்லை.
அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே
நிற்கிறது எப்போதும் என் நோட்டு.
சுபத்ரா டீச்சரின் ஃபேஸ்வாஷ் முந்நூற்று நாற்பது,
மண்டபத்து வாட்ச்மேன் குழந்தைசாமிக்குப்
பற்பசை இரண்டு, இருநூற்று முப்பது,
பரிமளத்தின் ஷாம்பு நானூற்று இருபத்தைந்து,
கலாமணியின் கால்.
ஆயிரத்து நூற்று எண்பது.
கீழிருந்து மேலே கூட்டினாலும் அதுவேதான்.

டீச்சரிடம் கூலியில் பங்கு கேட்டேன்.
"கடைல வாங்குனா இதெல்லாம் கேக்க மாட்டாங்களேங்க?"
நியாயம்.
பரிமளத்திடம் கேட்க வாய் வரவில்லை.

குறைகிற முந்நூற்று இருபதுக்கு
நானே ஏதாவது வாங்கிக்கொள்ளலாம்.
அப்படி வாங்கியதுதான் அடுப்படி அலமாரியில்
பாத்திரம் கழுவும் திரவம், ஏழு பாட்டில்.
எட்டாவதில் என் வீட்டுக்காரர்
வண்டி கழுவிக்கொண்டிருக்கிறார்.
தொண்ணூற்றைந்தை மிச்சம்பிடிக்க
முந்நூறு செலவழிக்கிறவளைக்
கெட்டிக்காரி என்கிறார், நுரைக்குள்ளிருந்து.

கோயமுத்தூர் லீடரம்மா ஃபோனில் சிரித்தார்.
"சின்ன ஆர்டர்னு ஒண்ணு இல்லீங் மேடம்,
சின்ன மனசுதான் இருக்குதுங்."
அவருடைய பெரிய மனசை அனுப்ப
என்ன கூலி ஆகுமென்று கேட்காமல் வைத்துவிட்டேன்.

காத்திருந்தேன், இன்னும் யாராவது கேட்பார்களென்று.
கேட்டவர்கள் போனார்கள்.
டீச்சர் கடையில் வாங்கிவிட்டார்.
குழந்தைசாமி வேப்பங்குச்சிக்குத் திரும்பிவிட்டார்.
பரிமளம் பழனிக்குப் போய்
மொட்டை போட்டு வந்தாள்.

பதினோராம் நாள் கலாமணியின் வாய்ஸ் மெசேஜ்.
முழுக்கத் தறிச் சத்தம்.
இழை அறுந்து தறி நின்ற ஒரு நொடியில்
"வந்துருச்சுங்களாக்கா?"
பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற கால் அது.
போட்டுவிட்டேன், கூலியோடு.

கூரியர் தம்பி பெட்டியைத் தோளில் ஏற்றி வந்தார்.
உள்ளே காற்றடைத்த பைகள்,
காற்றுக்கு அடியில் காற்று,
அதற்கும் அடியில் விரல் நீளத்தில் ட்யூப்.

முத்தூர் டவுன் பஸ், முகத்தில் பிங்க் அடித்தது.
கண்டக்டர் தந்த சீட்டில் மகளிர், கட்டணம் பூஜ்ஜியம்.
எங்கோ ஒரு கிடங்கிலிருந்து வெள்ளகோயிலுக்குத் தொண்ணூற்றைந்து,
வெள்ளகோயிலிலிருந்து கலாமணிக்கு ஒன்றுமில்லை.
தனியாக ஏறியிருந்தால் லக்கேஜ்.
என் மடியில் வந்ததால்
ட்யூப்பும் மகளிர்.

ஷெட்டில் பன்னிரண்டு தறி.
அங்கே பேச்சென்றால் கைதான்.
இருநூறு ரூபாய்த் தாளை நீட்டினாள்.
ஒன்பது விரல் காட்டினேன், பிறகு ஐந்து.
புருவத்தைத் தூக்கினாள்.
கூலியைக் கையால் எப்படிச் சொல்வது?
லாரியில் வந்ததென்று
இரண்டு கையாலும் ஸ்டியரிங் திருப்பினேன்.
கலாமணியின் கண் விரிந்தது.
அடுத்த தறிக்காரியைத் தட்டி என்னைக் காட்டி
அவளும் ஸ்டியரிங் திருப்பினாள்.
ஷெட்டு முழுக்கக் கட்டைவிரல்கள் உயர்ந்தன.
மீதிப் பதினைந்தை நீட்டினேன்.
டீ குடிப்பதுபோல் கையைச் சாய்த்துக் காட்டி
என் பக்கமே தள்ளிவிட்டாள்.

திரும்புகிற பஸ்ஸில் கணக்கு.
முப்பத்தேழு கழித்து, பதினைந்து கழித்து,
நாற்பத்து மூன்று ரூபாய் நட்டம்.
நோட்டில் அந்த வரிக்குக் கீழே
இரண்டு பூஜ்ஜியச் சீட்டையும் ஒட்டிவைத்தேன்,
எதற்கென்று தெரியாமல்.

ராத்திரி, தறிச் சத்தம் இல்லாத மெசேஜ்.
"காரு வாங்கிட்டீங்க, ஒரு வார்த்த சொல்லலீங்களே!
இங்க ஆறு பேரு அதே மருந்து கேக்கறாங்க.
காருலதான வாறீங்க, வெரசாக் கொண்டாந்துருங்க."

ஆறு ட்யூப். ஆயிரத்து நூற்றுப் பத்து.

"ஏனுங்க, உங்க குதிகாலைக் காட்டுங்க" என்றேன்.
காட்டினார். லேசாக வெடித்திருந்தது.
என் காலையும் பார்த்தேன்.
அவருக்கொன்று, எனக்கொன்று,
ஆயிரத்து நானூற்று எண்பது.

இருபது ரூபாய் குறைகிறது.